மில்லிமீட்டரில் ஒரு புன்னகை

காலையில் எழுந்து பல் தேய்க்கிறார் ஒருவர். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் முகத்தில் பாதி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு புருவம் ஏறுகிறது, இன்னொன்று ஏறவில்லை. ஒரு கண் மூடுகிறது, இன்னொன்று பாதியில் நின்றுவிடுகிறது. ஊர்ப்பக்கம் இதற்கு 'வாய் கோணிப் போச்சு' என்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது அடித்த குளிர்காற்றின் மேல் பழியைப் போடுவார்கள். முகவாதம் என்றும் ஒரு பெயர் உண்டு. டாக்டர்கள் 'பெல்ஸ் பால்சி' என்பார்கள். 1821-ல் முகநரம்பைப் பற்றி விளக்கிய ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் பெல்லின் பெயரால் வந்தது அது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 20 முதல் 30 பேருக்கு வருகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகிவிடுகிறது.

(இடையில் ஒரு வார்த்தை. திடீரென்று வாய் கோணினால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக் கொள்ளலாம் :-))

'சரியாகிவிடுகிறது' என்று சொல்வது யார்? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஒரு எண் வரும். காய்ச்சல் அடித்தால் தெர்மாமீட்டர் ஒரு எண் காட்டும். முகம் மட்டும் ரொம்ப நாளாக டாக்டரின் கண்ணை நம்பியே இருந்தது. 'போன தடவைக்கு இப்போ பரவாயில்லையே' என்பதுதான் ரிசல்ட். 1985-ல் அமெரிக்காவில் ஜான் ஹவுஸ், டெரால்ட் பிராக்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு ஒரு தரவரிசையை வெளியிட்டார்கள். ஒன்று என்றால் இயல்பான முகம். ஆறு என்றால் அசைவே இல்லை. முயற்சி செய்து கண்ணை முழுதாக மூட முடிந்தால் மூன்று, முடியாவிட்டால் நான்கு. இன்றும் உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்குவது இதுதான்.

ஆறே ஆறு பெட்டிகள். மனித முகத்தை ஆறு பெட்டிக்குள் போடுவது, பரீட்சையில் மார்க்கே போடாமல் வெறும் கிரேடு கொடுப்பது போல. 41 எடுத்தவனும் 49 எடுத்தவனும் ஒரே பெட்டிக்குள் போய்விடுவான். மூன்று மாதம் பயிற்சி செய்து உதட்டோரத்தை நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக நகர்த்தக் கற்றுக்கொண்ட நோயாளி, அதே 'மூன்று' என்ற பெட்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்த நான்கு மில்லிமீட்டர் சாதாரண விஷயமில்லை.

வேடிக்கை என்னவென்றால் 1985-லேயே ஸ்கேல் வைத்து அளக்கும் யோசனையும் சேர்ந்தே வந்தது. புருவம் எவ்வளவு மேலே போகிறது, உதட்டோரம் எவ்வளவு பக்கவாட்டில் போகிறது என்று கால் சென்டிமீட்டர் கணக்கில் பார்த்து மொத்தம் எட்டுப் புள்ளி தரலாம் என்றார்கள். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் யார் ஸ்கேலை எடுத்துப் புருவத்தின் மேல் வைப்பது? கண்ணால் பார்த்து 'மூணு' என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதுதான் சுலபம். ஜப்பானில் யனகிஹரா முறை (மொத்தம் 40 மார்க்), டொரன்டோவில் சன்னிபுரூக் முறை (100 மார்க்) என்று இன்னும் நுணுக்கமானவையும் வந்தன. எல்லாவற்றிலும் மார்க் போடுவது மனிதக் கண்தான்.

அந்தக் கண்ணை நம்ப வேண்டுமானால் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பார்க்கலாம். பெல்ஸ் பால்சிக்கு ஸ்டீராய்டு மாத்திரை உண்மையில் உதவுகிறதா என்று 551 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. ஒவ்வொருவரையும் நான்கு விதமாகப் போட்டோ எடுத்தார்கள். சும்மா இருக்கும்போது, பலமாகச் சிரிக்கும்போது, புருவத்தை உயர்த்தும்போது, கண்ணை இறுக்கி மூடும்போது. அந்தப் போட்டோக்களை ஒரு நரம்பியல் நிபுணர், ஒரு காது மூக்கு தொண்டை நிபுணர், ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் என மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பிட்டார்கள். யாருக்கு எந்த மாத்திரை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒன்பது மாதம் கழித்து ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 94.4 சதவீதம் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள். எடுக்காதவர்களில் 81.6 சதவீதம். மூன்று நாளைக்குள் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும் என்று இன்று சொல்வதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

மூன்று நிபுணர்களை உட்கார வைத்து ஆயிரக்கணக்கான போட்டோக்களைப் பார்க்கச் சொல்வது ஆராய்ச்சிக்குச் சரி. தினசரி ஆஸ்பத்திரிக்கு? கம்ப்யூட்டர் உள்ளே வருவது இங்கேதான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் ஐ அண்ட் இயர் என்ற மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள குழு 2018-ல் 'எமோட்ரிக்ஸ்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. வேலை செய்யும் விதம் எளிமையானது. நோயாளியின் போட்டோவைக் கொடுத்தால் புருவம், இமை, மூக்கு, உதடு, தாடை ஓரம் என்று 68 புள்ளிகளை அதுவே வைக்கும். சரி, போட்டோவில் இருக்கும் தூரத்தை மில்லிமீட்டராக மாற்றுவது எப்படி? கேமராவுக்குக் கிட்டே நின்றால் முகம் பெரிதாகத் தெரியுமே! அதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். கண்ணில் இருக்கும் நிற வட்டத்தின் குறுக்களவு பெரியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 11.8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். அதையே ஸ்கேலாக வைத்துக்கொள்கிறது. டெய்லர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பது போல, ஒவ்வொருவரும் தன் அளவுகோலைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பிறகு கணக்குத்தான். இடது புருவத்துக்கும் வலது புருவத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, கண்ணை மூடச் சொன்னால் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது, சிரிக்கும்போது உதட்டோரம் எவ்வளவு தூரம் எந்தக் கோணத்தில் போகிறது. புள்ளி தப்பான இடத்தில் விழுந்தால் டாக்டரே மவுஸால் இழுத்துச் சரிசெய்யலாம். இந்த வசதி சின்னதாகத் தெரியும். ஆனால் மென்பொருளிலேயே நேர்மையான பகுதி இதுதான். 'தப்பு நடக்கும், பார்த்துக்கொள்' என்று அதுவே ஒத்துக்கொள்கிறதே!

இந்த மில்லிமீட்டர்களுக்கு உண்மையான உபயோகம் இருக்கிறது. இமை முழுதாக மூடாவிட்டால் கண் காய்ந்து புண்ணாகும், பார்வையே பாதிக்கப்படலாம். ஆகவே அந்த இடைவெளி போன மாதத்தைவிடக் குறைந்ததா என்பது அழகுப் பிரச்சினை அல்ல. தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்து முகத்தில் வைத்து, இழந்த சிரிப்பைத் திரும்பக் கொண்டுவரும் அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டு. 1976-ல் ஜப்பானில் ஹாரி என்பவரும் அவர் குழுவும் அதைச் செய்து வெளியிட்டார்கள். அப்படி ஒரு ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்று கேட்டால், சர்ஜனே 'நல்லா இருக்கு' என்று சொல்வதைவிட உதட்டோரம் முன்பு எவ்வளவு நகர்ந்தது, இப்போது எவ்வளவு என்ற எண் மேல். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தினால் எல்லோருமே பாஸ்தான்!

இனி குறைகள். முதல் குறை கசப்பானது. முகத்தில் புள்ளி வைக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த ஆரோக்கியமான முகங்களைப் பார்த்துப் பழகியவை. கோணிய வாயை அவை அதிகம் பார்த்ததில்லை. அதனால் நன்றாக இருப்பவர் முகத்தில் சரியாக அளந்துவிட்டு, யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் முகத்தில் தடுமாறும். எமோட்ரிக்ஸ் செய்த அதே குழு 2020-ல் இதைத் தாங்களே சோதித்து எழுதினார்கள். நோயாளிகளின் போட்டோக்களைக் கொடுத்துப் பழக்கிய பிறகு பிழை குறைந்தது. டிமென்ஷியா வந்த முதியவர்களின் முகத்தில் இந்த மென்பொருள்கள் கூடுதலாகப் பிழை செய்கின்றன என்று டொரன்டோ ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் காட்டினார்கள். புது நகரத்துக்கு, புது நிறத்துக்கு, புது வயதுக்கு இந்த மென்பொருளைக் கொண்டு போகும்போதெல்லாம் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இது யார் முகத்தைப் பார்த்துப் பழகியது?

இரண்டாவது குறை இன்னும் சுவாரசியமானது. இடது வலது ஒத்துப் போகிறதா என்பதையே எல்லாவற்றுக்கும் அளவாக வைத்தால் என்ன ஆகும்? மோபியஸ் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு. 1888-ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் பெயரில் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் பிறவியிலேயே இரண்டு பக்கமும் முகநரம்பு வேலை செய்யாது. சிரிக்க முடியாது, முகம் சுளிக்க முடியாது. இடது பக்கமும் அசையவில்லை, வலது பக்கமும் அசையவில்லை. வித்தியாசம் பூஜ்யம். நூற்றுக்கு நூறு!

இன்னொன்று. நரம்பு திரும்ப வளரும்போது சில சமயம் ஒயர் மாறிவிடும். சிரித்தால் கண்ணும் சேர்ந்து மூடும், கண்ணை மூடினால் வாய் இழுக்கும். உதட்டோரத்தை மட்டும் அளந்தால் 'அசைவு வந்துவிட்டது, முன்னேற்றம்' என்று வரும். அந்த நோயாளிக்கோ சாப்பிடும்போதெல்லாம் கண் தானாகச் சுருங்குகிறது. இரண்டு பக்கமும் ஒத்துப் போக வேண்டும் என்று நல்ல பக்கத்துக்கே போடாக்ஸ் ஊசி போட்டு அதன் வேகத்தைக் குறைப்பதும் உண்டு. நோயாளி கேட்டுப் போட்டுக்கொண்டால் அது நல்ல வைத்தியம். ஆனால் மென்பொருளின் மார்க்கை ஏற்றுவதற்கென்றே யாராவது அதைச் செய்ய ஆரம்பித்தால்? ஒரு அளவே குறிக்கோளாக மாறும்போது அது நல்ல அளவாக இருப்பதில்லை என்று பொருளாதாரத்தில் ஒரு விதி உண்டு. 1975-ல் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. முகத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இவ்வளவு குறை இருந்தாலும் இஞ்ச் டேப் இஞ்ச் டேப்தான், வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை டேப் பேச ஆரம்பிக்கும்போதுதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு மெஷினை வாங்கிய விலைக்குப் பில் இருக்கும். அதன் இன்றைய மதிப்புக்கு ஒருவருடைய அபிப்பிராயம்தான் இருக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் ஒரே மாதிரி எண்ணாக எழுதிவிட்டால் பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பவர் ஏமாந்து போவார். 'உதட்டோரம் 6 மில்லிமீட்டர் நகர்ந்தது' என்பதற்குப் பில் இருக்கிறது, போட்டோவைத் திறந்து யார் வேண்டுமானாலும் திரும்ப அளக்கலாம். 'இவருக்கு வலி 7' என்பது மதிப்பீடு. ஸ்கிரீனில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே சைஸில் வரும்.

இதன் கதை 1978-ல் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் பால் எக்மன், வாலஸ் பிரீசன் இருவரும் முகத்தசை அசைவுகள் ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்தார்கள். 4 என்றால் புருவம் கீழே இறங்குவது, 6 என்றால் கன்னம் உயர்வது, 12 என்றால் உதட்டோரம் மேலே இழுபடுவது. நல்ல வேலை, அதுவரை யாரும் அவ்வளவு சுத்தமாகப் பிரித்ததில்லை. இந்த நம்பர்களில் சிலவற்றைக் கூட்டி வலிக்கு 0 முதல் 16 வரை மார்க் போடலாம் என்று 2008-ல் கனடாவில் பிரகாச்சின், சாலமன் என்ற இருவர் காட்டினார்கள். தோள்வலி நோயாளிகள் கையைத் தூக்கி இறக்கும் வீடியோக்களை வைத்து ஒரு தொகுப்பும் வந்தது. கம்ப்யூட்டர்களுக்கு வலியைக் கற்றுக்கொடுக்க உலகம் முழுக்க அதைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அந்தத் தொகுப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேலான பிரேம்களில் மார்க் என்ன தெரியுமா? பூஜ்யம்! எல்லா நொடியிலும் வலித்திருக்காது, வலிக்காத கையைத் தூக்கியதும் அதில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வலியோடு இருக்கிறவர் எப்போதும் முகத்தில் காட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதும் உண்மை. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

2014-ல் ஒரு ஆய்வு ரொம்பப் பேசப்பட்டது. சிலர் ஐஸ் தண்ணீரில் கையை வைத்தார்கள், அது நிஜ வலி. இன்னொரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து வலிப்பது போல நடித்தார்கள். வீடியோவைப் பார்த்த மனிதர்களால் எது நடிப்பு என்று சொல்ல முடியவில்லை, பூவா தலையா போட்ட மாதிரிதான். பயிற்சி கொடுத்த பிறகும் 55 சதவீதம். கம்ப்யூட்டர் 85 சதவீதம் சரியாகச் சொன்னது. நடிப்பவர்களின் வாய் ரொம்ப ஒழுங்காக, ஒரே சீராகத் திறந்து மூடியதாம்.

கேட்கவே பிரமாதமாக இருக்கிறது. இதை ஒரு இன்சூரன்ஸ் மேஜையில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதுகுவலி என்று ஆயிரம் பேர் வருகிறார்கள், அதில் 40 பேர் நடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மெஷின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் சரி என்றும் வைத்துக்கொள்வோம். நடித்த 40 பேரில் 34 பேரைப் பிடித்துவிடும். சபாஷ். மிச்சம் 960 பேர் உண்மையாக வலிப்பவர்கள். அதில் 15 சதவீதத்தைத் தப்பாகச் சொல்லும், 144 பேர். ஆக 'பொய்' என்று முத்திரை குத்தப்பட்ட 178 பேரில் 144 பேர் உண்மை சொன்னவர்கள். ஐந்தில் நான்கு பேர்! ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் கை வைத்தவரின் முகமும் பத்து வருடமாக முதுகுவலியோடு வாழ்பவரின் முகமும் ஒன்றா என்ற கேள்வி இதற்குள் வரவே இல்லை.

அதற்காக வலியை அளக்கும் மென்பொருளே கூடாது என்று சொல்லிவிடவும் முடியாது. டிமென்ஷியா முற்றிய ஒரு பாட்டி. 'எங்கே வலிக்குது பாட்டி?' என்று கேட்டால் பதில் வராது. இடுப்பெலும்பு முறிந்திருந்தால்கூட அவரால் சொல்லத் தெரியாமல் போகலாம். இப்படிப்பட்டவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கர்டின் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 'பெயின்செக்' என்ற செயலி வந்தது. போன் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்தால் ஒன்பது விதமான முக அசைவுகளை அது தானாகக் கவனிக்கும். ஆனால் மொத்தப் பட்டியலில் இருப்பது 42 விஷயங்கள். முனகுகிறாரா, நடக்கத் தயங்குகிறாரா, தூக்கம் கெட்டிருக்கிறதா, புண் இருக்கிறதா என்று மற்றதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கும் செவிலியர் பதிய வேண்டும். முகம் சொல்வது ஒரு பங்குதான் என்று அந்தச் செயலியின் அமைப்பிலேயே இருக்கிறது. பேச முடியாதவருக்காகப் பேசுவது வேறு. பேசக்கூடியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே 'இல்லை, உன் முகம் வேறு சொல்கிறது' என்று குறுக்கே பேசுவது வேறு.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று பழமொழி இருக்கிறதே என்று கேட்கலாம். அதை பார்க்கின்சன் நோயாளியின் வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. அந்த நோயில் முகத்தசைகள் மெல்ல மெல்ல இறுகி முகமூடி மாட்டியது போல ஆகிவிடும். உள்ளே சந்தோஷம் இருக்கும், வெளியே எதுவும் வராது. பேரன் வந்து மார்க் ஷீட்டைக் காட்டினால் தாத்தா முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. 'தாத்தாவுக்கு என்மேல பாசமே இல்ல' என்று அவன் நினைத்துக்கொள்வான். பேரன் மட்டும் ஏமாறுவதில்லை. இந்த முகத்தைப் பார்த்து மருத்துவத் துறையில் இருப்பவர்களே நோயாளியின் குணத்தைத் தப்பாக எடைபோடுகிறார்கள் என்று லிண்டா டிக்கிள்-டெக்னென், 2004-ல் வெளியான தன் ஆய்வில் காட்டினார். இந்த நோயாளிகளின் முகத்தில் இமைப்பு குறைகிறதா, அசைவு குறைகிறதா என்று கம்ப்யூட்டர் அளக்கட்டும். மருந்தின் அளவை முடிவு செய்ய அது உதவும். ஆனால் அதே கம்ப்யூட்டர் 'இவர் ஆர்வமில்லாதவர்' என்று எழுதினால், மனிதர்கள் செய்த அதே தப்பை அது வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

ஒரே உணர்ச்சிக்கு எல்லோர் முகமும் ஒரே மாதிரி அசைவதில்லை என்று 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு ஆராய்ச்சியாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு எழுதினார்கள். 2022-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் வசதியைத் தன் சேவையிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலை செய்யும் இடத்திலும் கல்வி நிலையங்களிலும் ஒருவரின் உணர்ச்சியை மெஷின் வைத்து ஊகிப்பதற்குத் தடை. 2025 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது.

ஆனால் அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ என்றால் அந்தத் தடை கிடையாது. வலி, களைப்பு போன்ற உடல் நிலைகளை அந்தச் சட்டம் 'உணர்ச்சி' என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெயின்செக் மாதிரி விஷயங்களுக்கு அந்தக் கதவு தேவைதான். அதே கதவு வழியாக இன்சூரன்ஸ் மேஜையும் உள்ளே வரப் பார்க்கும். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்காக எடுத்த வீடியோ நஷ்டஈடு வழக்கில் சாட்சியாகக் கூடாது என்று எழுதி வைக்க வேண்டும். நோயாளிக்கே தெரியாமல் ஒரு மார்க் அவருடைய ஃபைலில் ஏறக்கூடாது. மில்லிமீட்டர் ஒரு பத்தியிலும் மதிப்பீடு வேறு பத்தியிலும் இருக்க வேண்டும், இரண்டாவதன் பக்கத்தில் அது எத்தனை தடவை தப்பாகும் என்பதும் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்திலேயே இதையெல்லாம் கேட்கிறோம், நோயாளியின் ஃபைலில் கேட்கக் கூடாதா?

பெல்ஸ் பால்சிக்காரர்களிடம் கொடுக்க 2001 முதல் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பதினைந்து கேள்விகள், கேமரா கிடையாது. சாப்பிடும்போது சிரமமா, கண் காய்கிறதா, மற்றவர்களோடு இருக்கும்போது முகம் தொந்தரவாக இருக்கிறதா என்ற மாதிரி விசாரிக்கும். நோயாளியே நிரப்ப வேண்டும். பாஸ்டன் மென்பொருள் தரும் மில்லிமீட்டர் தாளையும் இந்தத் தாளையும் ஒரே கிளிப்பில் மாட்டி டாக்டரின் மேஜையில் வைத்தால் போதும். இரண்டும் ஒத்துப் போகாத நாட்களில் டாக்டர் எதை முதலில் படிக்கிறார் என்று பார்க்கலாம்.